கையில் இருப்பது ஒரு மணி நேரம்: கொரில்லாக்களைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

கொரில்லாக்களைப் படமெடுக்க ஆப்பிரிக்கா போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேமராவைப் பற்றிக் கேட்பதில்லை. "கொரில்லாவோடு எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்?" என்றுதான் கேட்பேன். பத்து நாள், இரண்டு வாரம் என்று பதில் வரும். நிஜக் கணக்கு வேறு. உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். நான்கு நாள் மலை ஏறினால் கையில் நான்கு மணி நேரம். அதிலும் பாதி நேரம் இலைக்குப் பின்னால் ஒரு கறுத்த முதுகு மட்டும்தான் தெரியும். இந்த ஒரு மணி நேரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும்.

எங்கே போவது

மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன. ஒன்று, உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். இன்னொன்று உகாண்டாவின் ப்விண்டி காடும் அதை ஒட்டிக் காங்கோ பக்கம் இருக்கும் சிறு பகுதியும். இரண்டிலும் நடந்த கணக்கெடுப்புகளைக் கூட்டினால் 1,063. உயிர்க்காட்சி சாலைகளில் நீங்கள் பார்க்கும் கொரில்லாக்கள் பெரும்பாலும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லாவைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும்.

காங்கோவின் விருங்கா பூங்காவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2025 ஜனவரியில் பூங்காவுக்குப் பக்கத்து கோமா நகரம் எம்23 கிளர்ச்சிப் படையின் கையில் விழுந்தது. அடுத்த மாதமே புகாவு நகரமும். காப்பீட்டு நிறுவனம் காகிதத்தைக்கூடப் பிரிக்காது.

மிச்சம் ருவாண்டாவும் உகாண்டாவும். ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்கா வசதியானது. கிகாலி விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பூங்காவை ஒட்டிய முசான்சே ஊருக்குப் போய்விடலாம், சாலை கண்ணாடி மாதிரி. மூங்கில் காடும் திறந்த சரிவும் இருப்பதால் வெளிச்சமும் கிடைக்கும். விலைதான் கடிக்கும்: ஓர் ஆளுக்கு ஒரு நாள் பெர்மிட் 1,500 டாலர். 2017 மே மாதம் ஒரே இரவில் 750-இலிருந்து இரட்டிப்பாக்கினார்கள்.

உகாண்டாவில் இது 800 டாலர். ஆனால் ப்விண்டி காட்டின் பெயருக்கு முன்னால் அவர்களே 'ஊடுருவ முடியாத' என்று சேர்த்திருக்கிறார்கள். அது விளம்பரம் இல்லை. செங்குத்தான பள்ளத்தாக்கு, கொடிகள், காஞ்சொறிச் செடி, சேறு. நம் சோலைக்காட்டைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்து, அடர்த்தியை இரண்டு மடங்காக்கினால் எப்படி இருக்கும், அப்படி. விமானம் இறங்கும் என்டெபேயிலிருந்து சாலை வழி எட்டுப் பத்து மணி நேரம். காட்டுக்குப் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, நுகுரிங்கோ என்று நான்கு வாசல்கள். ஒரு வாசலுக்குப் பெர்மிட் வாங்கிவிட்டு இன்னொரு வாசலுக்குப் பக்கத்தில் அறை எடுத்துவிடாதீர்கள். வரைபடத்தில் அரை விரல் தூரம், வண்டியில் அரை நாள். முதல் முறை போகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான்.

ப்விண்டியில் படம் எடுக்கிறவர்களுக்கென்றே செய்தது மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. ருஷாகா பக்கத்தில், மனிதர்களுக்கு இன்னும் முழுதாகப் பழகாத குடும்பத்தோடு, பழக்கும் ஊழியர்களுடன் சேர்ந்து நான்கு மணி நேரம் இருக்கலாம். நாலு பேருக்கு மேல் விடமாட்டார்கள். கட்டணம் 1,800 டாலர். ஒரு மணி நேரத்துக்கு 800, நான்கு மணிக்கு 1,800 என்று பார்த்தால் இதுதான் லாபம் என்று தோன்றும். பாதி உண்மை. பழகாத கொரில்லா நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பீர்கள். பழக்கும் வேலையும், தடம் பார்த்துக் கொரில்லாவைக் கண்டுபிடிக்கும் டிராக்கர்களும்தான் உங்கள் கதை என்றால் இதை எடுங்கள். அமைதியான நெருக்கக் காட்சி வேண்டுமென்றால் சாதாரண பெர்மிட்டே நல்லது.

மலைக் கொரில்லாதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கோ குடியரசின் (மேலே சொன்ன காங்கோ இல்லை, அதன் பக்கத்து நாடு) நுவாபாலே-நுதோக்கி பூங்காவில் ம்பெலி பாய் என்ற சதுப்பு வெளி இருக்கிறது. பாய் என்றால் காட்டுக்கு நடுவே இயற்கையாக அமைந்த திறந்தவெளி. அங்கே மேடையில் உட்கார்ந்து, நீள லென்ஸ் போட்டு, தாழ்நிலக் கொரில்லாக்கள் தண்ணீரில் இறங்கிச் செடி பிடுங்கித் தின்பதை நாள் முழுக்க எடுக்கலாம். போய்ச் சேருவது பெரும்பாடு. ஆனால் கடிகாரம் கழுத்தைப் பிடிக்காது.

எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு. மார்ச் முதல் மே வரை கனமழை, அக்டோபர், நவம்பரில் மறுபடியும் மழை. குறைவு என்றுதான் சொன்னேன்; மழைக்காட்டில் மழையே இல்லாத மாதம் கிடையாது. நான் மழைக்காலத்தை முழுக்க ஒதுக்கச் சொல்லமாட்டேன். கூட்டம் குறைவு, காற்றில் தூசி இல்லை, மூங்கில் குருத்து வரும் காலத்தில் விருங்கா கொரில்லாக்கள் கீழே மூங்கில் காட்டுக்கு இறங்குவதால் நடை குறையும். ஈரமான ரோமத்தில் விழும் மேகமூட்ட வெளிச்சம் வெயிலைவிட எவ்வளவோ மேல். உச்சி வெயிலில் இலைகளின் நிழல் கொரில்லாவின் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும்போது எந்த கேமராவும் கை விரித்துவிடும்.

ருவாண்டாவில் கொரில்லாக் குட்டிகளுக்குப் பெயர் வைக்கும் விழாவான 'குவிட்டா இசினா' 2005 முதல் நடக்கிறது. பெரும்பாலும் செப்டம்பர் வாக்கில் வரும். அதை எடுக்கப் போவதாக இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். அறையும் கிடைக்காது, பெர்மிட்டும் கிடைக்காது.

அனுமதி, அனுமதி, அப்புறம் இன்னொரு அனுமதி

சுற்றுலா பெர்மிட் வேறு, படப்பிடிப்பு அனுமதி வேறு. கைப்பேசியிலும் சின்ன கேமராவிலும் சொந்த நினைவுக்கு எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. ஒளிபரப்புக்கோ விற்பனைக்கோ எடுப்பது என்றால் உகாண்டாவில் உகாண்டா வனவிலங்கு ஆணையத்திடமும், ருவாண்டாவில் ருவாண்டா வளர்ச்சி வாரியத்திடமும் தனி அனுமதி வாங்க வேண்டும், தனிக் கட்டணம் கட்ட வேண்டும். உகாண்டாவில் வெளிநாட்டுக் குழுக்கள் அந்நாட்டு ஊடகக் கவுன்சிலிடமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கதைச் சுருக்கம், குழுவினர் பட்டியல், கடவுச்சீட்டு நகல், கருவிகளின் பட்டியல் வரிசை எண்களோடு: இந்த நாலையும் முதலிலேயே தயார் செய்யுங்கள். எல்லா அலுவலகமும் இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கும்.

பெரிய கேமராவை எடுத்துக்கொண்டு "நாங்கள் சுற்றுலாப் பயணிகள்" என்று சொல்லி நுழைந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். வாசலில் தடுத்தால் அன்றைய பெர்மிட் பணம் போச்சு. தடுக்காமல் விட்டாலும், அனுமதிக் கடிதம் இல்லாத காட்சியைப் பெரிய ஒளிபரப்பாளர்கள் வாங்கமாட்டார்கள்.

படப்பிடிப்பு அனுமதி இருக்கிறது என்பதற்காக எட்டுப் பேர் கணக்கிலிருந்து விலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பெர்மிட். மூன்று பேர், நான்கு நாள்: உகாண்டாவில் 9,600 டாலர், ருவாண்டாவில் 18,000 டாலர். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பலருக்கு 'ஒலிப்பதிவாளர் அவசியமா?' என்ற ஞானோதயம் வரும். என் பதில்: அவசியம். உதவி இயக்குநரைக் கீழே நிறுத்துங்கள். இன்னொரு வழி, எட்டு இடத்தையும் நீங்களே வாங்கிவிடுவது. உகாண்டாவில் அது நாளுக்கு 6,400 டாலர். பச்சை மழைக்கோட்டுப் பயணி ஒருவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு உங்கள் காட்சிக்குள் நுழையமாட்டார் என்பதற்கான விலை அது. ஒரே ஒரு நாளுக்காவது கட்டுப்படியானால் செய்யுங்கள்.

டிரோன் பற்றித் தனியாகச் சொல்லிவிடுகிறேன். இரு நாடுகளிலும் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். உகாண்டாவில் பாதுகாப்புத் துறை வரை கோப்பு போகும். எல்லைப் பகுதி, மூன்று நாடு சந்திக்கும் இடம். அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது. கடிதம் கைக்கு வராமல் டிரோனைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து மின்னஞ்சலில் முடிக்க முடியாது. உள்ளூர் ஃபிக்ஸர் ஒருவர் வேண்டும். சஃபாரி ஏஜென்ட் வேறு, ஃபிக்ஸர் வேறு. முன்னவர் வண்டியும் அறையும் போடுவார். பின்னவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார், சுங்கத்தில் பேசுவார், டிராக்கரின் வீட்டில் உங்களை உட்கார வைப்பார். முன்பு படக்குழுக்களோடு வேலை செய்தவரா என்று கேட்டு, அந்தக் குழுக்களோடு பேசிப் பார்த்து அமர்த்துங்கள். ஆறு மாதம் முன்னால் இந்த வேலையைத் தொடங்கினால் நிம்மதி.

தடுப்பூசி, சுங்கம், பெட்டி

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், இந்த நாடுகளிலிருந்து திரும்பும்போது அந்த அட்டை இல்லையென்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் நோய்ச் செய்திகளையும் ஒரு பார்வை பாருங்கள். 2024-இல் ருவாண்டாவில் மார்பர்க் காய்ச்சல், 2025 தொடக்கத்தில் உகாண்டாவில் எபோலா வந்து போயின.

கருவிகளைக் கொண்டுபோகும்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் 'எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட்' வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உங்கள் சொந்த கேமராவுக்கு நீங்களே வரி கட்ட வேண்டிய நிலை வரலாம். அந்தப் பக்கம் தற்காலிக இறக்குமதிக் காகிதங்களை ஃபிக்ஸர் பார்த்துக்கொள்வார். கிகாலியில் இறங்கி ருஷாகா போவது தூரத்தில் லாபம்தான். ஆனால் ஒரே கேமராவுக்கு இரண்டு நாட்டுச் சுங்கம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேட்டரி எல்லாம் கைப்பையில். 100 வாட்-மணிக்குக் கீழே இருப்பவையாகவே வாங்குங்கள். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கும் மேல் கிடையவே கிடையாது. பல விடுதிகளில் மின்சாரம் ஜெனரேட்டரோ சோலாரோதான், ராத்திரி நிறுத்திவிடுவார்கள். உகாண்டாவில் பிரிட்டன் மாதிரிச் சதுர மூன்று முள் பிளக், ருவாண்டாவில் ஐரோப்பிய உருளை முள். உகாண்டாவுக்குள் சிறு விமானத்தில் பறப்பதாக இருந்தால் பொதுவாக ஓர் ஆளுக்குப் பதினைந்து கிலோதான்.

ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. ருவாண்டாவில் 2008 முதல் பாலித்தீன் பைகளுக்குத் தடை. லென்ஸையும் கேபிளையும் பாலித்தீனில் சுற்றி எடுத்துப் போனால் விமான நிலையத்திலேயே பிரித்து வாங்கிக்கொள்வார்கள். துணிப்பை, திரும்பப் பயன்படும் தண்ணீர் புகாத பை இரண்டும் போதும். டாலர் நோட்டுகள் புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழைய நோட்டை வாங்க மறுப்பார்கள்.

கேமரா: வால்பாறையில் பழகுங்கள்

கொரில்லா கறுப்பு. காடு கரும்பச்சை. நடுவில் ஓட்டை போட்டது மாதிரி வெள்ளை வானம். இந்த மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) அடக்குவதுதான் முழுப் பிரச்சினையும். சட்டம் முழுக்க கொரில்லா நிறைந்தால், தானியங்கி முறையில் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். பின்னால் வானம் வந்தால் கரிக்கட்டையாக்கிவிடும். ஆகவே தானியங்கியை மறந்துவிட்டு, கண்ணைச் சுற்றியிருக்கும் தோலுக்கு ஏற்றபடி வெளிச்ச அளவை வையுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், அதைவிடச் சட்டத்திலிருந்தே தள்ளிவிடுங்கள். லாக்கில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய காட்சியாகப் பதியும் முறை) எடுக்கிறவர்கள் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூடுதலாக வையுங்கள். இருட்டில் குறைவாக எடுத்ததைப் பிறகு ஏற்றினால் ரோமம் முழுக்க எறும்பு ஊறுவது போலப் புள்ளிகள் தெரியும். ஒயிட் பேலன்ஸையும் கையால் பூட்டிவிடுங்கள். இலை வழியாக வரும் வெளிச்சம் எல்லாவற்றையும் பச்சையாக்கும்.

இதைப் பழக ஆப்பிரிக்கா போக வேண்டியதில்லை. வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கும், சோலைகளில் கருமந்தியும் இருக்கின்றன. கறுத்த ரோமம், இருண்ட காடு, வெள்ளை வானம் எல்லாம் அதே. மூன்று நாள் அங்கே போய், ஒரு மணி நேரம் அலாரம் வைத்து, அதற்குள் எடுத்ததை மட்டும் வைத்து மூன்று நிமிடப் படம் வெட்டிப் பாருங்கள். எது இல்லை என்று அப்போது புரியும். பெரும்பாலும் இல்லாமல் போவது கைகளும், அசையாமல் நின்ற நீண்ட ஷாட்டும்.

லென்ஸ் விஷயத்தில் தூரக் காட்சிக்கான பெரிய டெலி லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். குறைந்தபட்ச இடைவெளி பத்து மீட்டர். கொரில்லாவுக்கு அந்த விதி தெரியாது, அதுவே பக்கத்தில் வந்துவிடும். 70–200 எஃப் 2.8 ஒன்று, 24–70 ஒன்று, இரண்டு கேமரா உடல். லென்ஸ் மாற்றும் நேரத்தில் மழை பெய்யும், இல்லை குட்டி தாயின் முதுகில் ஏறும். ஃப்ளாஷுக்கு அனுமதி கிடையாது. மைக்குக்கு உரோம உறை அவசியம். ட்ரைபாட் பற்றி முந்தின நாளே வழிகாட்டியிடம் பேசிவிடுங்கள். வழக்கமாகப் பைகளையும் ஊன்றுகோல்களையும் கொரில்லாக்களுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வைக்கச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சரிவில் மூன்று காலையும் ஊன்றச் சமதளமும் கிடைக்காது. மோனோபாட் போதும்.

அந்த நாள்

காலை ஏழு மணிக்குப் பூங்கா அலுவலகத்தில் கூட வேண்டும். ருவாண்டாவில் அது கினிகி. ஏறக்குறைய ஊட்டி உயரம், அங்கிருந்து மேலேதான் ஏறப் போகிறீர்கள். எந்தக் குடும்பம் யாருக்கு என்று பிரிப்பார்கள். வெள்ளிமுதுகு (முதுகு நரைத்த முதிர்ந்த ஆண்), குட்டிகள், நடை தூரம் இவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்று ஃபிக்ஸர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குள் டிராக்கர்கள் காட்டுக்குள் போயிருப்பார்கள். கொரில்லா தினமும் மாலையில் புதிதாக ஒரு படுக்கை அமைத்துத் தூங்கும். முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து தடம் பிடித்து, படுக்கையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்தொடர்ந்து ரேடியோவில் சொல்வார்கள். அரை மணியிலும் போய்ச் சேரலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். சுமை தூக்க உள்ளூர் ஆட்களை அமர்த்துங்கள், 'நானே தூக்குவேன்' என்ற வீரம் வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் முதல் பத்து நிமிடம் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும். தவிர, காட்டைக் காப்பதால் அந்த ஊர் வயிற்றுக்கு நேரடியாகக் கிடைப்பதில் இந்தக் கூலியும் ஒன்று.

இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நம் சளி அவற்றுக்கு நிமோனியா ஆகிவிடும். முகக்கவசம் கட்டாயம்.

கடிகாரம் ஓடத் தொடங்கியதும் என் வரிசை இது: முதல் ஐந்து நிமிடம் இடத்தைக் காட்டும் அகல ஷாட். அப்புறம் யார் உட்கார்ந்து தின்கிறார்களோ அவர்களிடம் போய்விடுவேன். நடக்கிறவரைத் துரத்தினால் முதுகுதான் கிடைக்கும். ஒரு ஷாட் குறைந்தது இருபது விநாடி. முற்பகலில் கூட்டம் ஓய்வெடுக்கும். அப்போதுதான் குட்டிகள் விளையாடும், தாய் பேன் பார்க்கும். மூக்கின் மடிப்புகளைத் தனியாக எடுங்கள். அந்த ரேகையை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் ஆளை அடையாளம் காண்கிறார்கள், உங்கள் எடிட்டருக்கும் உதவும். கடைசிப் பத்து நிமிடத்தில் கேமராவைத் தாழ்த்திவிட்டு ஒலி மட்டும் பிடியுங்கள். காட்டுச் செலரி முறியும் சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து வரும் திருப்தியான உறுமல், அப்புறம் நாள் முழுக்க இலை தின்கிற வயிறு என்பதால் வேறு சத்தங்களும். அந்த உறுமலைத்தான் டிராக்கர்களும் 'ம்ம்... ஹ்ம்' என்று எழுப்பி 'நாங்கள்தான்' என்று தெரிவிக்கிறார்கள்.

வெள்ளிமுதுகு இருமுவது போலக் குரைத்தால் நகர வேண்டும். பாய்ந்து வந்தால் ஓடக் கூடாது. உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், கண்ணை அதில் வைத்திருக்காதீர்கள்.

மிச்சமிருக்கும் 23 மணி நேரம்

படத்தைத் தூக்கி நிறுத்துவது இதுதான். ருவாண்டாவில் பூங்கா வேலியான கல்சுவரை ஒட்டி உருளைக்கிழங்கு வயல். சுவருக்கு அந்தப் பக்கம் காடு. இடைவெளி ஒரு தாண்டல் தூரம். ப்விண்டியில் காட்டோரம் தேயிலை. 2020 ஜூனில் ரஃபிக்கி என்ற வெள்ளிமுதுகைக் கொன்றவர் சிறு விலங்கு வேட்டைக்கு வந்தவர். அவருக்குப் பதினோரு ஆண்டு சிறை. கொரில்லாவை வில்லன் யாரும் தேடிப் போய்க் கொல்லவில்லை, வேறு விலங்கைத் தேடி வந்தவனின் வேட்டையில் அது மாட்டியது. இதை ஒரு மணி நேரக் காட்சியால் சொல்ல முடியாது. ஊருக்குள் போனால்தான் சொல்ல முடியும்.

1991-இல் ப்விண்டியும் ம்காஹிங்காவும் தேசியப் பூங்காக்கள் ஆனபோது, காட்டுக்குள் வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். விடுதிக்குப் பக்கத்தில் அவர்களை நடனமாட வைத்து எடுப்பது சுலபம், எல்லாரும் எடுத்துவிட்டார்கள். ஃபிக்ஸர் வழியாக முன்னதாகவே போய், கேமரா இல்லாமல் ஒரு மாலை உட்கார்ந்து, என்ன எடுப்போம், எவ்வளவு கொடுப்போம் என்று பேசி, சம்மதம் வாங்கி, பிறகு எடுங்கள்.

இவற்றுக்காகவே கொரில்லா நாட்களை ஒன்றுவிட்டு ஒரு நாள் வைக்கச் சொல்கிறேன். உடம்பும் தாங்கும், எடுத்ததைப் பார்த்து அடுத்த முறை என்ன விட்டுப்போனது என்று குறிக்கலாம், கேமராவும் காயும். ராத்திரி சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். கார்டுகளை இரண்டு பிரதி எடுத்து, இரண்டு பேர் பையில் தனித்தனியாக.

திரும்பும்போது பூட்ஸில் ஒட்டிய சேற்றை விடுதியிலேயே கழுவிவிடுங்கள். சுங்கச் சான்றிதழும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. சென்னையில் பெட்டி வருவதற்கு முன்பே அட்டையைக் கேட்பார்கள்.